அழுக்கு ஃபில்டரை விட ஓட்டை ஃபில்டர் ஆபத்து

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் வாகனப் பராமரிப்பு பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வண்டிப் பராமரிப்பு பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். டயர், பிரேக், பேட்டரி, ஆயில் என்று பேச ஆரம்பித்தால் அரை நாள் ஆகும். அதனால் ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது ஏர் ஃபில்டர். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக டீ குடிக்கலாம். உங்கள் வண்டியில் இது கிடையாது. மற்றவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

பாலவனத்தம் என்று ஊர்ப் பேரைச் சொன்னால், தமிழ் படித்தவர்கள் பாண்டித்துரைத் தேவரையும் 1901-ல் அவர் மதுரையில் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தையும் சொல்வார்கள். மற்றவர்கள் "பாலைவனமா?" என்று கேட்பார்கள். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நம் ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போனால், அந்தக் கேள்வி தப்பில்லை என்றுதான் தோன்றும்.

நம் ஊர்த் தூசி ஒரே மாதிரித் தூசி இல்லை. கரிசல் காய்ந்து வெடித்தால் மாவு மாதிரிப் பறக்கும். இடையில் செவல் நிலத்து மண் வரும். காரியாபட்டிப் பக்கம் போனால் கல்குவாரித் தூசி. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடங்களில் கரித்தூள். அருப்புக்கோட்டையில் மில் ஓரம் பஞ்சுத் தூசி. அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் இடத்தில் உமியும் சருகும். இவ்வளவையும் உங்கள் வண்டி மூச்சோடு சேர்த்து இழுக்கிறது.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்கு

பெட்ரோல் தனியாக எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் என்பது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி 450 கேன் காற்றை, ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள் உங்கள் ஸ்கூட்டர் இழுத்து விடுகிறது.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 60 லட்சம் லிட்டர் காற்று. மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிக்கும் டிராக்டர் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 50,000 லிட்டர் காற்றை இழுக்கும். டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயே காற்றை எடுக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடுதல். அதுவும் அந்த டிராக்டர் தானே கிளப்பிய புழுதிக்குள் நின்று இழுக்கிறது.

உள்ளே போனால் என்ன செய்யும்?

நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்ஜினுக்கு அதிகக் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரிகிற பெரிய மண் இல்லை. 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள நுண்தூசி. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்துக்குள் அது புகுந்துகொள்ளும்.

மணலிலும் கருங்கல் தூசியிலும் வெங்கச்சங்கல் என்று நாம் சொல்கிற குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தை அளக்கும் பத்துப் படி அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்புக் கத்திக்கு 5, 5.5 என்றுதான் வரும். அதாவது அந்தத் தூசி இரும்பை அறுக்கும். வால்வு உட்கார வைக்க மெக்கானிக் ஒரு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பார், பார்த்திருப்பீர்கள். ஆயிலோடு நுண்தூசி கலந்தால் இன்ஜினுக்குள் அந்தப் பேஸ்ட்தான் உருவாகிறது. வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தேய்ந்த பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். வண்டி ஆயில் தின்னும். சைலன்சரில் நீலப்புகை வரும். இழுவை குறையும். கடைசியில் ரிங் மாற்று, போர் அடி, லைனர் மாற்று என்று இன்ஜினை இறக்குவார்கள். தவணையில் வாங்கிய குட்டி யானையோ, டிராக்டரோ என்றால் வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களிலும் தவணை நிற்காது. சில நூறு ரூபாய் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு உலக அளவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், சோவியத் நாடு தன்னுடைய டி-34 டாங்கி ஒன்றைச் சோதனைக்காக அமெரிக்காவின் அபர்டீன் தளத்துக்கு அனுப்பியது. உலகத்தின் சிறந்த டாங்கிகளில் ஒன்று என்று பேர் வாங்கியது அது. 343 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அழுக்கு; பிஸ்டனும் சிலிண்டரும் சரிசெய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. காரணம் மோசமான ஏர் கிளீனர். அவ்வளவு பெரிய டாங்கிக்கே அந்தக் கதி என்றால் நம் வண்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அழுக்காக இருப்பது அதன் வேலை

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஃபில்டரைத் திறந்து பார்த்து அது அழுக்காக இருந்தால் நாம் பதறுகிறோம். பதற வேண்டாம். வெளியே இருந்த தூசி அதில் ஒட்டியிருக்கிறது என்றால், அது உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பேப்பர் ஃபில்டர் புதிதாக இருக்கும்போது வடிகட்டுவதை விட, மேலே மெல்லியதாகத் தூசி படிந்த பிறகு இன்னும் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு வலையாக நிற்கும். நல்ல பேப்பர் ஃபில்டர் எடைக் கணக்கில் 99 சதவீதத்துக்கு மேல் தூசியைப் பிடித்துவிடும். இதைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு உலகத் தரம் இருக்கிறது. அந்தச் சோதனைக்குப் பயன்படும் மாதிரித் தூசிக்கு 'அரிசோனா தூசி' என்றே பேர். அமெரிக்கப் பாலைவன மண்ணிலிருந்து வந்த பேர் அது.

ஒரு ஃபில்டர் 99.5 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 98 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் 100 கிராம் தூசி வந்தால் முதலாவது உள்ளே விடுவது அரை கிராம். இரண்டாவது விடுவது 2 கிராம். நான்கு மடங்கு. ஒரு சின்னக் கிழிசல், சரியாக உட்காராத ரப்பர் விளிம்பு, இறுகாத ஒரு கிளாம்ப், இதில் ஏதாவது ஒன்று போதும், இந்த வித்தியாசம் வந்துவிடும்.

அடைத்த ஃபில்டர் உங்களுக்குச் சொல்லிவிடும். பிக்கப் குறையும், டீசல் வண்டியில் கரும்புகை வரும். ஓட்டை ஃபில்டர் எதுவும் சொல்லாது. காற்று தாராளமாகப் போவதால் வண்டி இன்னும் நன்றாக இழுப்பது போலக்கூட இருக்கும். நீலப்புகை வரும்போதுதான் தெரியும். அப்போது ஃபில்டர் மாற்றிப் பயனில்லை.

மைலேஜை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் இருந்த காலத்துப் பழக்கத்தில் நாம் மைலேஜைப் பார்க்கிறோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு நம் பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன.

நாம் செய்யக்கூடாத ஐந்து

ஓட்டை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் 'சுத்தம்' செய்வதிலிருந்துதான் வருகிறது.

ஒன்று, பஞ்சர் கடை காற்று. அங்கே இருக்கும் கம்ப்ரசரில் அழுத்தம் சர்வ சாதாரணமாக 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். டிராக்டர், லாரி ஃபில்டர் செய்கிறவர்கள் காற்றடிக்க அனுமதிக்கிற இடத்திலும் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதீர்கள் என்கிறார்கள். அதுவும் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குழாயைத் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பக்கத்தில் வைத்து முழு வேகத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் விழும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை போயிருக்கும்.

இரண்டு, டயரிலோ தரையிலோ ஓங்கித் தட்டுவது. விளிம்பு நெளிந்தால் பெட்டிக்குள் சரியாக உட்காராது. அந்த இடைவெளியில் காற்று நேராகப் போகும்.

மூன்று, பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவுவது. கழுவலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் ஒழியக் கழுவக்கூடாது.

நான்கு, ஸ்கூட்டர் ஃபில்டரில் எண்ணெய்ப் பசை இருக்கிறதே என்று துடைப்பது, ஊதுவது. இப்போது பல ஸ்கூட்டர், பைக்குகளில் வருவது கம்பெனியிலேயே எண்ணெய் ஊட்டிய பேப்பர். அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. அதைச் சுத்தம் செய்யவே கூடாது; நேரம் வந்தால் மாற்ற வேண்டும்.

ஐந்து, ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது. "கடையில் ஸ்டாக் இல்லை, இரண்டு நாள் இப்படியே ஓட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஃபில்டரையே போட்டு ஓட்டுங்கள். அடைத்த ஃபில்டரோடு இரண்டு நாள் மெதுவாகப் போகலாம். ஃபில்டர் இல்லாமல் ஆடிக்காற்றில் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. காற்று போகும் வாயில் பனியன் துணியைக் கட்டுவதும் வேண்டாம். அது நுண்தூசியைப் பிடிக்காது, காற்றையும் தடுக்கும்.

வண்டிக்கு வண்டி என்ன செய்வது

பழைய மொபெட், சில பைக்குகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். இதைக் கழுவலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். துணி முறுக்குவது போல முறுக்கினால் கிழிந்துவிடும். நிழலில் காய வையுங்கள். பிறகு கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, எல்லா இடத்திலும் பரவும்படி அமுக்கி, மிச்சத்தைப் பிழிந்து எடுத்துவிட்டு மாட்டுங்கள். ஆயில் இல்லாத ஸ்பாஞ்ச் நுண்தூசியைப் பிடிக்காது. பெட்ரோலில் கழுவும் பழக்கம் பலருக்கு உண்டு. வீட்டு வாசலில் தீ விபத்துக்கு அது போதும்; விட்டுவிடுங்கள்.

கார், குட்டி யானை, வேன்களில் பேப்பர் ஃபில்டர். கையேட்டில் சாதாரண ரோட்டுக்கு ஒரு கணக்கும், தூசி ரோட்டுக்கு ஒரு கணக்கும் தனியாகப் போட்டிருப்பார்கள். நமக்கு உரியது இரண்டாவது கணக்கு. சர்வீஸ் சென்டர் வெளியூரில் இருந்தால் "எங்கள் ஊர் ரோடு புழுதி ரோடு" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டர் பெட்டி மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.

டிராக்டரில் இரண்டு வகை. பழைய டிராக்டர்களில் எண்ணெய்ச் சட்டி வகை, அதாவது ஆயில் பாத். உழவு நாட்களில் தினமும் சட்டியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு தங்கியிருந்தாலோ, ஆயில் கூழ் மாதிரி ஆகியிருந்தாலோ கொட்டிவிட்டு, துடைத்து, புது ஆயில் கோடு வரைக்கும் விடுங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. கூடினால் ஆயிலை இன்ஜின் இழுத்துவிடும். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலே எரிபொருள்; சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு.

புது டிராக்டர்களில் காய்ந்த பேப்பர் வகை, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே இருப்பது காவல் ஃபில்டர். வெளி ஃபில்டர் கிழிந்தால் இன்ஜினைக் காப்பாற்ற இருப்பது. அதைச் சுத்தம் செய்ய வேண்டாம். வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றும்போது அதையும் ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம். பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் வாயைத் தினமும் விரலால் அமுக்கிவிடுங்கள், சேர்ந்த மண் கொட்டும். அந்த ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சிவப்பு காட்டும் இண்டிகேட்டர் இருந்தால், அது சிவப்பைக் காட்டும் வரை ஃபில்டரைத் தொட வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் மண் சுத்தமான பக்கம் விழ வாய்ப்பு இருக்கிறது.

கரிமூட்டப் பக்கமும் கதிரடிக்கும் இடத்திலும் ஓடும் வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. கரித்தூளும் பஞ்சும் உமியும் இன்ஜினை அறுப்பதை விட ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். அங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. வேலை முடிந்த அன்றே வெளிப் பெட்டியைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனை

முதல் சோதனைக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். ஃபில்டருக்குப் பிறகு இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்பக்கம் விரலில் துணியைச் சுற்றித் துடையுங்கள். மண் ஒட்டினால் எங்கோ கசிகிறது. ஃபில்டர், ரப்பர் விளிம்பு, குழாய், கிளாம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வெளிச்சச் சோதனை. உருளை வடிவ ஃபில்டருக்குள் இருட்டில் ஒரு சின்ன டார்ச்சை வையுங்கள். எல்லா இடத்திலும் மங்கலாக ஒரே மாதிரி தெரிந்தால் சரி. ஓரிடத்தில் நட்சத்திரம் மாதிரி புள்ளி தெரிந்தால் அங்கே துளை. அதைத் தூர எறியுங்கள். எரிக்க வேண்டாம், ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதில் இருக்கிறது.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிக்கு அந்தப் பெட்டியும் பிடிக்கும், அந்தப் பேப்பரும் பிடிக்கும். மழைக்காலத்தில் பேப்பர் நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்பவரிடம் காற்று போகும் வாயில் நேராகத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போலி ஃபில்டர் நிறைய வருகிறது. பில்லோடு வாங்குங்கள், மடிப்புகள் சீராக இருக்கிறதா, விளிம்பு ரப்பர் மெத்தென்று இருக்கிறதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நுரையீரலுக்கு ஃபில்டர் மாற்ற முடியாது

ஃபில்டரைத் தட்டும்போதும் ஊதும்போதும் பறப்பது, மிக நுண்ணிய தூசி. கல்குவாரித் தொழிலாளர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமும் இதே குவார்ட்ஸ் தூசிதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களிடமும் இதைச் சொல்லுங்கள். தினமும் அதில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். நம் பிள்ளைகள் போகும் பள்ளி வேன்களின் ஓட்டுநர்களிடம் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு முறை அன்பாகக் கேட்போம். நம் தெருக்களில் ரோடு வேலை நடக்கும்போது ஒப்பந்ததாரரிடம் தண்ணீர் தெளிக்கச் சொல்லிச் சங்கத்தின் பேரில் கடிதம் கொடுப்போம். மண், ஜல்லி ஏற்றிவரும் டிப்பர்கள் தார்ப்பாய் மூடி வர வேண்டும் என்று ஊராட்சியிடம் கேட்போம். தூசி குறைந்தால் வண்டிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கையேட்டை எடுத்து, உங்கள் ஃபில்டர் எந்த வகை, கழுவலாமா, ஊதலாமா, மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பிறகு வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். துணி சுத்தமாக வந்தால் மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள். மண் ஒட்டினால் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போங்கள்.